எண்ணூறு மீட்டர், பெண்கள்: வெர்லின் ரைலி

ஆல்வின் ரைலி தன் மனைவியின் பெயரை அழித்துவிடச் சொல்லி வந்த அன்று, சாதனைக் குழுவில் நாங்கள் மூன்று பேரும் ஒரு குண்டு எறிதலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். எறிந்தவன் வட்டத்தை விட்டு முன்பக்கமாக வெளியே வந்தானா, பின்பக்கமாக வந்தானா என்பதுதான் சண்டை. முன்பக்கமாக வந்திருந்தால் அந்த எறி செல்லாது.

எங்கள் வேலை அப்படிப்பட்டது. யாராவது நன்றாக ஓடினால் மைதானமே கைதட்டும், அம்மாக்கள் அழுவார்கள். நாங்கள் கைதட்ட மாட்டோம். மூன்று ஸ்டாப்வாட்சும் என்ன காட்டின, தடம் அளந்த தடமா, போட்டியில் குறைந்தது மூன்று பேராவது ஓடினார்களா என்று பார்ப்போம். எல்லாம் சரி என்றால் கையெழுத்துப் போடுவோம். அதன் பிறகுதான் பெயின்டர் ஏணி வைத்து ஏறி, மைதானத்துச் சாதனைப் பலகையில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயரை எழுதுவான். அதுவரைக்கும் அது வெறும் ஓட்டம்.

எங்கள் தடகளக் கழகத்தின் தலைவர் ஹென்ஸ்லி வீக்ஸ் சுங்கத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துப் பொத்தான் போடாமல் அவரை நான் பார்த்ததில்லை. லீ வாத்தியார் பயிற்சியாளர். நான் எல்மா காஸல். தபால் ஆபீசில் வேலை பார்த்தேன், இப்போது கழகத்தின் தலைமை நேரக் கணிப்பாளர். வெர்லின் ஓடியபோது மூன்று ஸ்டாப்வாட்சில் ஒன்று என் கையில்தான் இருந்தது.

ஆல்வின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். கொத்து வேலை செய்து செய்து முதுகு லேசாக வளைந்துபோன ஆள்.

"உள்ள வாயேன் ஆல்வின், எதுக்கு வெளிய நிக்கிற?" என்றேன்.

"ஒரு சாதனைய எடுக்கணும்னா என்ன செய்யணும்?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"யாரோடத?" என்றார் வீக்ஸ்.

"என் பொண்டாட்டியோடத."

குண்டு எறிதல் எங்களுக்கு மறந்தே போயிற்று.

வெர்லின் அந்த எண்ணூறு மீட்டரை ஓடியது தலைநகர் பிளிமத்துக்கு மேலே இருந்த எங்கள் பழைய புல் மைதானத்தில். இரண்டு நிமிடம், ஒன்பது நொடி, அதற்கு மேல் பத்தில் நான்கு. அப்புறம் சில மாதங்களில் எரிமலை வெடித்தது. எங்கள் மான்ட்செராட் தீவின் தெற்குப் பாதி சாம்பலுக்குப் போயிற்று. எங்களை எல்லாம் வடக்கே போகச் சொன்னார்கள், போனோம். ஆனால் தோட்டங்கள் மலையடியில் கிடந்தன. சர்ச்சிலும் பள்ளிக்கூடத்திலும் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஜனங்கள், தடையை மீறிப் போய்க் காரட்டும் கிழங்கும் பிடுங்கிவந்தார்கள். ஒரு ஜூன் மாதப் பகலில் வெர்லினும் அப்படித்தான் போயிருந்தாள். அன்றைக்கு மலை சரிந்து இறங்கியது. எதிர்க் குன்றில் நின்ற ஒருவர் பார்த்திருக்கிறார். கரும்புகை மலை மாதிரி உருண்டு வர, அதற்கு முன்னால் ரோட்டில் ஒரு பெண் ஓடினாளாம். "அந்த மாதிரி ஓட்டத்த நான் என் ஆயுசுல பார்த்ததில்ல" என்று விசாரணையில் சொன்னார். உடல் கிடைக்கவில்லை.

அதனால் வெர்லினுக்குக் கல்லறை இல்லை. வடக்கே புது மைதானம் கட்டி, புதுப் பலகை மாட்டி, பழைய சாதனைகளை எல்லாம் அதில் எழுதியபோது அவளுடைய வரியையும் எழுதினோம். அந்த வரியின் கீழே தரையில் பூ வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அந்த நேரத்தின் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை.

"எதுக்குப்பா எடுக்கணும்?" என்று லீ வாத்தியார் மெதுவாகக் கேட்டார்.

"அவ இன்னும் ஓடிக்கிட்டிருக்கா வாத்தியாரே."

வீக்ஸ் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"விடியறதுக்கு முன்னாடி, என் வீட்டு ரோட்டுல. மேலேருந்து கீழ போவா, கீழேருந்து மேல வருவா. முன்னெல்லாம் எப்பவாவது கேக்கும். இப்ப தினம் கேக்குது. பலகையில பேர் இருக்கற வரைக்கும் அவளால நிக்க முடியல. தோத்தவ புல்லுல உக்காந்துக்கலாம். இவ உக்கார முடியாதே."

"ரம் ஏதாச்சும் போட்டிருக்கியா?" என்றார் வீக்ஸ்.

"நான் கடைசியா குடிச்சது உங்க மக கல்யாணத்துல மிஸ்டர் வீக்ஸ். ஊத்திக் குடுத்ததும் நீங்கதான்."

வீக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத பாரு ஆல்வின். சாதனை ரெண்டு வழியிலதான் போகும். யாராவது அத முறியடிக்கணும். இல்ல, அது செல்லாதுன்னு நிரூபிக்கணும். புருஷன் கேட்டான்னு அழிக்கறதுக்கு விதி கிடையாது."

"புருஷன் கேட்டாக்கூடவா?"

"அவளே வந்து கேட்டாலும் கிடையாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஆல்வின் கோபப்படவில்லை. "அப்ப நிரூபிக்கறேன்" என்றான். "அந்தத் தடத்துக்கு உள்விளிம்புக் கல் பதிச்சது நான்தான். நடுவுல முளை அடிச்சு, கயிறு கட்டி வளைவு போட்டேன். ராத்திரி மழை. கயிறு நனைஞ்சு சுருங்கிப்போச்சு. மறுநாள் அதே கயித்த வெச்சுதான் மிச்சத்தையும் கட்டினேன். தடம் குட்டை. அப்ப இதச் சொன்னேன், யாரும் காதுல வாங்கல."

"போய் அளந்துட்டு வா, பார்க்கலாம்" என்றார் வீக்ஸ். மைதானத்தின் மேல் மூன்று ஆள் உயரத்துக்குச் சாம்பல் கிடந்தது. அது அவருக்கும் தெரியும், ஆல்வினுக்கும் தெரியும்.

அடுத்த வாரம் நான் லுக்அவுட் என்ற ஊரில் என் தங்கை வீட்டில் தங்க வேண்டி வந்தது. ஆல்வின் வீடு அதே ரோட்டில் நாலு வீடு தள்ளி. மலை வெடித்த பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை, ஒரே அச்சு. வெர்லின் அந்த ரோட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவள் போகும்போது அங்கே முள்ளும் ஆடும்தான்.

விடிகாலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் பின்வாசலைத் திறந்தேன். கிழக்கே வானம் சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தது. கோழி ஒன்றுகூடக் கூவவில்லை. முதலில் இறக்கத்தில் கேட்டது. அப்புறம் கிட்டே வந்தது. ஓடுகிற கால். யாரோ உடம்பைக் குறைக்க ஓடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேலி வரை போய் நின்றேன். சத்தம் என்னைக் கடந்து மேலே போயிற்று. ரோட்டில் ஒருவரும் இல்லை.

ஓடுகிறவர்களை நான் முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை. ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு நேரே நிற்கிறவளுக்கு முகம் கடைசியாகத்தான் தெரியும். வெர்லினுக்கு இடது கால் கொஞ்சம் அழுத்தி விழும். சின்ன வயதில் மாமரத்தில் இருந்து விழுந்த கால். டப், தட். டப், தட். அந்தச் சத்தம்தான். தண்ணீர் கொதித்து அடுப்பில் வழிந்து தீ அணைந்தபோதுதான் எனக்கு உள்ளே போக வேண்டும் என்று தோன்றியது.

ஆல்வின் தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"இந்த வீட்ட எப்படிக் கண்டுபிடிச்சாளோ" என்றான்.

அந்த வருடம் செப்டம்பரில் பேய்மழை. மலையில் இருந்து சேறும் பாறையும் ஓடைகளில் இறங்கின. வெள்ளம் வடிந்த பிறகு ரோந்து போன போலீஸ்காரர் ஒருவர் லீ வாத்தியாரிடம் சொன்னார்: பழைய மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் ஓடை சாம்பலை அரித்துக்கொண்டு போய்விட்டது, வட்டமாகக் கல் பதித்த மாதிரி ஏதோ தெரிகிறது. வாத்தியார் என்னிடம் சொன்னார். நான் ஆல்வினிடம் சொன்னேன். அன்று அவன் பாதிச் சுவரில் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று அவனோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

எரிமலையைக் கண்காணிக்கிறவர்களிடமும் போலீசிடமும் அனுமதி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. ஒரு காலைப் பொழுது மட்டும். ஆல்வின், நான், நில அளவை ஆபீசில் இருந்து ஸ்டெட்மன் என்று ஒரு இளைஞன், ரேடியோவோடு ஒரு போலீஸ்காரர். வீக்ஸ் வர மாட்டேன் என்றுவிட்டார்.

நான் அந்தப் பக்கம் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. தெரு எது, வீடு எது என்று தெரியவில்லை. கந்தக வாடை. சர்ச் கூம்பின் நுனி மட்டும் தரையில் முளைத்த மாதிரி நின்றது. பறவைச் சத்தம் ஒன்றுகூட இல்லை. போலீஸ்காரரின் ரேடியோ கரகரத்தபோது எல்லோருக்கும் ஒரு நிம்மதியாக இருந்தது.

மைதானத்தில் கல் விளிம்பு நிஜமாகவே தெரிந்தது. ஒரு நேர்த்தடம் முழுசாக, அதன் தலையில் ஒரு வளைவு முழுசாக. பாதிச் சுற்று. கடற்கரையில் பொறுக்கிவந்து ஆல்வின் பதித்த உருண்டைக் கற்கள், ஒன்றுகூட அசையாமல் இருந்தன. அவன் குனிந்து ஒரு கல்லைத் தடவினான். "நல்லாத்தான் கட்டியிருக்கேன்" என்றான், தன்னையே திட்டுகிற குரலில்.

"பாதி போதும் அங்கிள்" என்றான் ஸ்டெட்மன். "மத்த பாதியும் இதே அளவுதான?"

"அதே அளவுதான். ஒரே கயிறு."

ஸ்டெட்மன் இரும்பு நாடாவை எடுத்தான். விளிம்பில் இருந்து ஒரு அடி தள்ளி, ஓடுகிற கால் விழுகிற இடத்தில்தான் அளக்க வேண்டும். ஒரு முனையை நான் பிடித்தேன், இன்னொன்றை அவன் பிடித்தான், ஆல்வின் நடுவில் நின்று குறி போட்டான். நேர்த்தடம் சிக்கலில்லாமல் முடிந்தது. வளைவில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அளந்துகொண்டிருந்தபோது என் கையில் நாடா துள்ளியது. யாரோ மேலே கால் வைத்துத் தாண்டிப் போன மாதிரி. ஒரு துள்ளல், உடனே இன்னொன்று.

"ஆன்ட்டி, ஆட்டாதீங்க" என்று அந்தப் பக்கம் இருந்து ஸ்டெட்மன் கத்தினான்.

நான் ஆட்டவில்லை. ஆல்வின் என்னைப் பார்த்தான். பிறகு வளைவு முடிகிற பக்கம் பார்த்தான். அங்கே வெறும் சாம்பல்.

முடிவைச் சொல்லும்போது ஸ்டெட்மன் சிரித்தான். அவன் பாவம், நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டான். "தடம் குட்டை இல்ல அங்கிள். நீளம். பாதிச் சுற்றுலயே ரெண்டு மீட்டர் கூட இருக்கு. உங்க மிசஸ் ஓடினது எண்ணூறு இல்ல, எண்ணூத்தி எட்டு!"

தூரம் குறைந்தால்தான் சாதனை செல்லாது. கூடினால் செல்லும், இன்னும் பெருமையாகச் செல்லும். வெர்லின் நாங்கள் நினைத்ததைவிட வேகமாக ஓடியிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆல்வின் அந்தக் கற்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "மழையில நனைஞ்ச கயிறு" என்றான். "என் கையாலயே கட்டினேன் எல்மா. சுருங்கினதுதான? எப்படி நீளமாச்சு?" போலீஸ்காரர் நேரமாயிற்று என்று விசில் ஊதினார். அவனைக் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

இனி ஒரு வழிதான் பாக்கி.

ஆல்வினோடு வேலை செய்யும் ஃபிரேசர் என்ற கொத்தனார் கயானாவில் இருந்து வந்தவர். மலை வெடித்த பிறகு வடக்கே வீடு கட்ட ஆள் இல்லாமல் போனபோது வந்த கூட்டத்தில் ஒருவர். அவருடைய மகள் டெஷானா துறைமுக ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதுகிறாள். பத்தொன்பது வயது. எங்கள் கழகத்துக்காக நானூறு மீட்டர் ஓடுவாள், வேண்டா வெறுப்பாக எண்ணூறும் ஓடுவாள். லீ வாத்தியார் பல தடவை சொல்லியிருக்கிறார்: "இவ எண்ணூறுல மனசு வெச்சா வெர்லின் கதை முடிஞ்சுது." மனசு வைக்காததற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை அவள் கொஞ்சம் வேகமாக ஓடியபோது பார்வையாளர் பக்கம் இருந்து ஒரு அம்மாள் கத்தினாள்: "ஏய் சிமென்ட் மூட்டையோட வந்தவளே, மெதுவா ஓடு, அது எங்க பொண்ணோட இடம்!" எல்லோரும் சிரித்தார்கள். டெஷானாவும் சிரித்தாள். அன்றைக்கு மூன்றாவதாக வந்தாள்.

ஆல்வின் அவளைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

"என் பொண்டாட்டியோட சாதனைய நீ முறியடிக்கணும்மா" என்றான்.

டெஷானா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கிண்டல் பண்றீங்களா அங்கிள்? முறியடிச்சா இந்த ஊர்ல எனக்கு ஒருத்தர்கூட ரொட்டி விக்க மாட்டாங்க."

"நான் வாங்கித் தர்றேன்."

"மிஸ் எல்மா, இவர் நிஜமாத்தான் சொல்றாரா?"

"நிஜமாத்தான்."

அவள் வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "எதிர்ப்பக்க நேர்த்தடத்துல வர்றது அவங்களா?"

ஆல்வினுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டாவது சுற்றுல" என்றாள் டெஷானா. "தனியா ஓடும்போதுகூட. வலது தோள் பக்கத்துல மூச்சு விடற சத்தம். திரும்பினா யாரும் இல்ல. அதனாலதான் எனக்கு எண்ணூறு பிடிக்காது. வாத்தியார்கிட்ட சொல்லல, பைத்தியம்னு நினைப்பாருன்னு."

"உன்ன ஏதாச்சும் பண்ணுதா?" என்றான் ஆல்வின்.

"இல்ல அங்கிள். தாண்டவும் மாட்டேங்குது, விட்டுப் போகவும் மாட்டேங்குது. அவ்வளவுதான். ரொம்பக் களைச்ச மூச்சு."

ஆல்வின் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் ஓட ஒப்புக்கொண்டது அப்போதுதான். அவள் வாயால் சொல்லவில்லை. எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் பயிற்சி. ஜனவரியில் ஒரு சாயங்காலம் மைதானத்தில் லீ வாத்தியாரின் ஒற்றை ஸ்டாப்வாட்சில் அவள் வெர்லினின் நேரத்துக்குக் கீழே ஓடிவிட்டாள். ஆல்வின் அன்று நிம்மதியாகப் படுத்தான். விடிவதற்கு முன் ரோட்டில் கால் சத்தம் கேட்டது, வழக்கம் போல.

"போட்டியில ஓடலையே" என்று மறுநாள் என்னிடம் சொன்னான். "மூணு வாட்ச் இல்ல, மூணு பேர் ஓடல. செல்லாதுன்னு அவளுக்குத் தெரியும் எல்மா. விதியெல்லாம் அவளுக்கு மனப்பாடம்."

போட்டி மார்ச்சில், புனித பேட்ரிக் திருவிழா வாரத்தில் நடந்தது. தீவே அப்போது பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இருக்கும். இங்கிலாந்தில் குடியேறியவர்கள்கூட வருவார்கள். மைதானத்தில் நிற்க இடமில்லை. ஆல்வின் என்ன செய்கிறான் என்ற கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பாதிப் பேர் அவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். மீதிப் பேர் ஜம்பியோடு விளையாடாதே என்றார்கள். செத்தும் போகாமல் சுற்றுகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

எண்ணூறு மீட்டருக்கு நான்கு பெண்கள் நின்றார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் முடிவுக்கோட்டுக்கு நேரே படிமேடையில் ஏறி உட்கார்ந்தோம். துப்பாக்கிப் புகையைப் பார்த்ததும் பொத்தானை அமுக்க வேண்டும், சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது. புகை வந்தது, அமுக்கினேன்.

முதல் சுற்று முடியும்போது டெஷானா முன்னால் இருந்தாள், தனியாக. ஒருவரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. பிறகு எங்கோ ஒரு குரல் ஆரம்பித்தது: "வெர்லின்!" இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்கக் கத்தியது. "வெர்லின்! வெர்லின்! விடாத வெர்லின்!" ஓடுகிறவளின் பக்கத்தில் இன்னொருத்தி ஓடுகிற மாதிரி, அவளைத் தள்ளிவிடுகிற மாதிரி. ஸ்டாப்வாட்ச் பிடித்த கையை அசையாமல் வைத்துக்கொண்டேன்.

ஆல்வின் கடைசி வளைவில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டெஷானா அந்த வளைவுக்குள் வந்தபோது வேலிமேல் பாதி ஏறிவிட்டான். ஊரே "ஓடு, ஓடு" என்று கத்த, அவன் ஒருவன் மட்டும், "நில்லு!" என்று கத்தினான். "போதும்மா, நில்லு! போதும்! உக்காரு! உக்காந்துக்கோ வெர்லி!"

வெர்லி என்று அவளை அவன் ஒருவன்தான் கூப்பிடுவான். பக்கத்தில் நின்றவர்கள் கத்துவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அந்த அமைதி அங்கிருந்து பரவி இரண்டு பக்கமும் போயிற்று. கடைசி நேர்த்தடத்தை டெஷானா ஓடியபோது அவளுடைய கால் சத்தம் மட்டும்தான் மைதானத்தில் கேட்டது. ஒரு ஜோடிக் கால்.

மூன்று ஸ்டாப்வாட்சும் வெர்லினின் நேரத்துக்குக் கீழே காட்டின. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும். நடுவில் இருந்தது என்னுடையது. இரண்டு நிமிடம், எட்டு நொடி, பத்தில் ஒன்பது.

டெஷானா புல்லில் விழுந்து அழுதாள். நான் போர்வையைப் போர்த்தியபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வளைவுல நின்னுட்டாங்க மிஸ் எல்மா" என்றாள். "சட்டுனு நின்னுட்டாங்க. அதுக்கப்புறம் யாருமே இல்ல. எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா?"

ஆனால் சத்தம் நிற்கவில்லை. மறுநாளும் கேட்டது, அதற்கு மறுநாளும் கேட்டது. ஆல்வின் வந்து என்னிடம் கேட்டான்: "கூட்டம் எப்ப?"

வீக்ஸ் கூட்டத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டார். முதல் தடவை தடத்தின் அளவுச் சான்று வேண்டும் என்றார். ஸ்டெட்மன் கொடுத்தான். அடுத்த தடவை துப்பாக்கி விட்டவரின் கையெழுத்து தெளிவாக இல்லை என்றார். மூன்றாவது தடவை கூட்டம் நடந்தபோது, எல்லாம் சரியாக இருக்கிற விண்ணப்பத்தை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு குறையும் இல்ல" என்றார் கடைசியில். ஒரு குறை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிற மாதிரி.

"கையெழுத்துப் போடுங்க மிஸ்டர் வீக்ஸ்" என்றார் லீ வாத்தியார்.

"அந்தப் பொண்ணு ஓடினத மறுக்கல. ஆனா பேர எடுத்துட்டா வெர்லினுக்கு இந்தத் தீவுல என்னதான்யா இருக்கு?"

வாசலில் நின்ற ஆல்வின் சொன்னான்: "நான் இருக்கேன்."

வீக்ஸ் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன், வாத்தியாரும் போட்டார். பழைய சாதனைகளுக்கு எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு, யார் யாரிடம் இருந்து எப்போது கைமாறியது என்று. அதில் வெர்லினை எழுதலாமா என்று ஆல்வினிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "எழுது. அது முடிஞ்சுபோன ஓட்டம்தான?" என்றான்.

அடுத்த நாள் விடிகாலையில் நான் தங்கை வீட்டுப் பின்வாசலில் நின்றேன். கோழி கூவியது. வெளிச்சம் வந்தது. பள்ளிக்கூடப் பேருந்து போயிற்று. ஆல்வின் வீட்டுக் கதவு மூடியே இருந்தது. எனக்குப் பயமாகிப் போய்த் தட்டினேன். தூங்கிக்கொண்டிருந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக இழவு விருந்து வைத்தான், இருபது வருடம் கழித்து. கிராம்பு மணக்க ஆட்டுக்கறிக் குழம்பு பெரிய தகர டின்னில் கொதித்தது. ஊரில் பாதி வந்தது. "சிமென்ட் மூட்டை" என்று கத்திய அம்மாள் டெஷானாவின் தட்டில் கறியை அள்ளி அள்ளி வைத்தாள், மன்னிப்புக் கேட்க வாய் வராமல். ஒரு தட்டு, யாரும் தொடாமல், வெர்லினுக்காக மேசையில் இருந்தது.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் நாங்கள் விதியைத் திருத்தினோம். சாதனையாளர் இறந்துபோயிருந்தால், குடும்பத்தார் கேட்டால், பெயரைப் பலகையில் இருந்து எடுத்துப் பழைய பட்டியலில் சேர்க்கலாம். விதியை எழுதியது வீக்ஸ். நீளம் தாண்டுதலில் அவருடைய செத்துப்போன அண்ணன் பெயர் நாற்பது வருடமாகப் பலகையில் இருக்கிறது. அதை எடுக்கப்போகிறாரா என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க அண்ணன் இருக்கட்டும்" என்றார். "அவன் ஒரே தடவ தாண்டினான், மணல்ல விழுந்தான். அங்கேயே கிடக்கான். அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

எல்லோரும் சிரித்தோம். ஆல்வினும் சிரித்தான். ஆனால் வெளியே வந்தபோது என்னிடம் சொன்னான்: "வீடு ரொம்ப நிசப்தமா இருக்கு எல்மா. தூக்கம் நல்லா வருது. எழுந்ததும் யாரையோ வாசல்ல நிக்க வெச்சுக் கதவ சாத்திட்ட மாதிரி இருக்கு." இப்போதும் விடிவதற்கு முன் எழுந்து படியில் உட்காருகிறான் என்று தங்கை சொல்கிறாள்.

டெஷானா பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் நேரம்தான் பலகையில் இருக்கிறது. அவ்வப்போது போன் செய்வாள். அப்பா, வாத்தியார் என்று விசாரித்துவிட்டு, கடைசியில் ஒன்று கேட்பாள்.

"எண்ணூறுல யாராச்சும் கிட்ட வந்தாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"வாத்தியார யாரையாச்சும் நல்லா பழக்கச் சொல்லுங்க மிஸ் எல்மா."

"உனக்கு என்ன அவசரம்? பெருமையா இருந்துட்டுப் போயேன்."

"ஒண்ணுமில்ல" என்பாள். "கனவுல கடைசி நேர்த்தடத்துல தனியா ஓடறேன். யாராச்சும் கூட வந்தா நல்லா இருக்கும்."